விரலால் கிறுக்கினால் விருதா?

கேள்வி: நளினி மலானி என்ற ஓவியருக்கு ஜப்பானில் கியோட்டோ விருதும் பத்துக் கோடி யென்னும் கொடுத்தார்களாம். யூடியூபில் தேடிப் பார்த்தேன். ஐபேடில் விரலால் கிறுக்கியதை அசையவிட்டுச் சுவரில் காட்டுகிறார். சின்னப் பிள்ளையும் செய்யும். சோதனை அனிமேஷன், வீடியோ கலை என்று பெயர் வைத்துவிட்டால் ஆயிற்றா? டிஜிட்டல் வந்ததும் அதற்குத் தாவி, வெளிநாட்டு மியூசியங்களைப் பிடித்து முன்னுக்கு வந்தவர் என்றுதான் தோன்றுகிறது. உங்கள் கருத்து?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: விருது உண்மை, ஆண்டு 2023, தொகையும் நீங்கள் சொன்னதுதான். மற்றதில் கடைசிக் குற்றச்சாட்டை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதுதான் முழுக்கத் தலைகீழாக இருக்கிறது.

மலானி முதல் அனிமேஷன் படம் எடுத்தது 1969-ல். பம்பாய்க்கு டெலிவிஷனே 1972-ல்தான் வந்தது என்றால் அவர் எந்த டிஜிட்டலுக்குத் தாவியிருக்க முடியும்? 1946-ல் கராச்சியில் பிறந்து, பிரிவினையில் கல்கத்தாவுக்குத் தூக்கிவரப்பட்டு, பிறகு பம்பாயில் வளர்ந்தவர். ஜே.ஜே. கலைப்பள்ளியில் ஓவியம் படித்தார். ஓவியர்களும் நாடகக்காரர்களும் இசைக்கலைஞர்களும் ஒரே கூரைக்குக் கீழ் வேலை பார்த்த பூலாபாய் தேசாய் நினைவு நிலையத்தில் மாணவியாக இருந்தபோதே அவருக்கு இடம் கிடைத்தது. 1969-ல்தான் ஓவியர் அக்பர் பதம்சி, தனக்குக் கிடைத்த நேரு ஃபெலோஷிப் பணத்தை வைத்து விஷன் எக்ஸ்சேஞ்ச் ஒர்க்‌ஷாப் என்று ஒன்றைத் திறந்தார். ஓவியர்கள் கேமராவைத் தொட்டுப் பார்க்க ஓர் இடம். 23 வயது மலானி அங்கே போய், அட்டையில் கட்டட மாதிரி செய்து, அதன்மேல் வண்ண ஒளியை மாற்றி மாற்றிப் பாய்ச்சி, ஃப்ரேம் ஃப்ரேமாக ஒரு 8 எம்.எம். படம் எடுத்தார். 'ட்ரீம் ஹவுசஸ்'. சில நிமிடம்தான் ஓடும். எல்லோருக்கும் நல்ல வீடு வந்துவிடும் என்று சார்லஸ் கொரியா போன்ற கட்டடக் கலைஞர்களைப் பார்த்து இளைஞர்கள் நம்பிய காலம் அது. 1976-ல் அதே படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு திரையை வைத்தார். கறுப்பு வெள்ளையில் ஓர் இளம்பெண், கீழே விரிந்து கிடக்கும் குடிசைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இரண்டும் சேர்ந்து 'யுடோப்பியா'. இரண்டு திரைக்கும் நடுவில் இருக்கிற ஏழு வருஷம்தான் உண்மையில் படம்.

சரி, பதம்சிக்கு என்ன ஆயிற்று? உங்களுக்குத் தெரிந்திருக்கலாம், 2020 ஜனவரியில் அவர் காலமானது உங்கள் கோயம்புத்தூரில்தான். அந்த ஒர்க்‌ஷாப்பில் அவரும் இரண்டு படம் எடுத்தார். ஒன்று 'சிஸிஜி': வெறும் கோடுகளும் புள்ளிகளும், சத்தமே கிடையாது, 11 நிமிடம், கையால் வரைந்த ஆயிரம் வரைபடங்கள் அளவுக்கு. இன்னொன்று 'ஈவென்ட்ஸ் இன் எ க்ளவுட் சேம்பர்'. அதற்கு இருந்தது ஒரே பிரதி. அதுவும் தொலைந்துபோனது. இதே பதம்சி 1960-ல் வரைந்த 'கிரீக் லேண்ட்ஸ்கேப்' 2016-ல் 19 கோடி ரூபாய்க்கு மேல் ஏலம் போனது. அதே ஆளின் கேன்வாஸுக்கு 19 கோடி, ஃபிலிம் சுருளுக்கு ஓர் அலமாரிகூட இல்லை. மலானி முன்னுக்கு வருவதற்காகத் தேர்ந்தெடுத்த துறை என்று நீங்கள் சொல்வது இதைத்தான்.

மலானி பாரிஸில் இரண்டு வருஷம் படித்தார், தங்கிவிடாமல் திரும்பி வந்தார். இங்கே ஃபிலிமுக்கும் லேபுக்கும் செலவு, காட்டுவதற்கு கேலரி இல்லை, வாங்க ஆளே இல்லை. சினிமாக்காரர்களுக்கு அது சினிமா இல்லை, ஓவியம் வாங்குபவர்களுக்கு அது சுவரில் மாட்டும் சரக்கு இல்லை. அதனால் ஓவியம் வரைந்தார், அதில் பெயரும் எடுத்தார். அப்படியே இருந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும்.

1992-ல் பம்பாய் கேலரி கெமோல்டின் சுவர்களில் நேரடியாக ஓவியம் வரைந்தார். ராஜஸ்தானில் நாத்துவாராவின் பழைய சுவரோவியங்கள் கவனிப்பாரற்றுச் சிதைவதற்கு எதிர்ப்பாக. காட்சி 15 நாள், அப்புறம் எல்லாவற்றின்மேலும் வெள்ளையடித்தாயிற்று. சந்தையைப் பிடிக்க நினைப்பவர் விற்கவே முடியாத இடத்தில் போய் வரைவாரா? அடுத்த வருஷம் நடிகை அலக்நந்தா சமர்த்துடன் சேர்ந்து மீடியா (Medea) என்ற கிரேக்கப் புராணப் பெண்ணின் நாடகத்துக்காக ஓர் அரங்கையே வரைந்தார். அசையும் படத்துக்கு அவர் திரும்பி வந்த வழி நாடகம்தான் என்பது என் கணிப்பு.

1998 மே மாதம் பொக்ரானில் இந்தியா அணுகுண்டு வெடித்தது. சில நாட்களில் பாகிஸ்தானும் வெடித்தது. கராச்சியில் பிறந்து பம்பாயில் வாழ்பவருக்கு இது பத்திரிகைச் செய்தியாக மட்டும் இருந்திருக்காது. உருது எழுத்தாளர் சதத் ஹசன் மண்டோவின் 'டோபா டேக் சிங்' கதையை எடுத்தார். பிரிவினைக்குப் பிறகு பைத்தியக்கார விடுதி நோயாளிகளையும் இரண்டு நாடுகள் பங்குபோட்டுக்கொள்ளும் கதை. 'ரிமெம்பரிங் டோபா டேக் சிங்'கில் சுவர்களில் வீடியோ ஓடும், தரையில் தகரப் பெட்டிகள், பெட்டிக்குள் டிவி திரைகள், மொத்தம் 12. அகதி தூக்கிக்கொண்டு ஓடிய அதே பெட்டி. எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு பெண்கள் ஒரு புடவையைச் சேர்ந்து மடிக்கப் பார்க்கிறார்கள். நடுவில் நாம் நிற்கிறோம், குண்டு வெடிக்கும் காட்சி ஓடுகிறது, புடவை மடிந்தபாடில்லை. இதை 1999-ல் பம்பாயின் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மியூசியத்தில், வழக்கமாகப் பழங்கால வாளும் சிலையும் பார்க்க வருகிற கூட்டத்துக்கு நடுவில் வைத்தார். வெளிநாட்டு மியூசியம் என்றீர்களே, அதற்காகச் சொல்கிறேன்.

அதன்பின் வந்தவை நிழலாட்டங்கள். ஒளி ஊடுருவும் உருளைகளின் உட்பக்கத்தில் கண்ணாடி ஓவிய முறையில் பின்னாலிருந்து வரைந்து (தஞ்சாவூர்க் கண்ணாடிப் படங்களின் அதே முறை, அவர் கற்றது ஓவியர் பூபேன் கக்கரிடம்) சுழலவிட்டு, வீடியோவையும் நிழலையும் ஒன்றின்மேல் ஒன்றாக விழச் செய்வார். 2012-ல் ஜெர்மனியின் காஸல் நகரில் டாக்குமென்டா கண்காட்சியில் வைத்த 'இன் சர்ச் ஆஃப் வானிஷ்ட் பிளட்' இந்த வகை. எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. உருதுக் கவிஞர் ஃபைஸின் கவிதை, வங்க எழுத்தாளர் மகாசுவேதா தேவியின் 'திரௌபதி' கதை, ஜெர்மன் எழுத்தாளர் கிறிஸ்டா வோல்ஃபின் 'கசாண்ட்ரா' என்று ஒரே அறைக்குள் ஆட்கள் அதிகம். தகரப் பெட்டிக்கு இருந்த அடி அதில் விழவில்லை.

இனி உங்கள் ஐபேடு. நீங்கள் யூடியூபில் பார்த்தது பெரும்பாலும் 'கேன் யூ ஹியர் மீ?' ஆக இருக்கும். 2018-ல் ஜம்முவின் கத்துவாவில் எட்டு வயதுச் சிறுமி பாலியல் வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டாள். அந்த ஆத்திரமும் சேர்ந்து பிறந்த வேலை அது. 2020-ல் லண்டன் வைட்சேப்பல் கேலரியில் 88 குட்டி அனிமேஷன்களை ஒன்பது புரொஜெக்டர்களில், செங்கல் சுவரெங்கும், ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி ஓடவிட்டார். எதையும் முழுசாகப் பார்க்க விடாது, ஒன்றைப் பிடிப்பதற்குள் தலைக்குப் பின்னால் இன்னொன்று ஓடும். யாரோ போனில் எடுத்துப் போட்ட துண்டு, கச்சேரியின் ஓரத்தில் நின்று கேட்ட ஒலிபெருக்கிக் கரகரப்பு மாதிரிதான்.

சின்னப் பிள்ளை கிறுக்கும், சந்தேகமில்லை. ஆனால் கிறுக்கியதில் எதை அடுத்த ஃப்ரேமில் பாதி மட்டும் அழிப்பது, எந்த முகம் எத்தனை ஃப்ரேம் நின்று சிதைய வேண்டும் என்று முடிவு செய்யாது. மலானியின் கோடு அவசரமாகத் தெரிவது அவர் விரும்பியே செய்தது. அழகாக வரைந்து முடிக்கப்பட்ட கோபத்தை யாரும் நம்ப மாட்டார்கள்.

வெளிநாட்டு மியூசியங்களைப் 'பிடித்த' கதையும் இப்படித்தான். பாரிஸின் பாம்பிடூ மையம் 2017-ல் அவருடைய மொத்த வேலையையும் வரிசைப்படுத்திக் காட்டியபோது கணக்கைத் தொடங்கிய வருஷம் 1969. அந்த அட்டைக் கட்டடப் படத்தைக் கண்டுகொள்ள உலகத்துக்கு அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. அதற்கு முன்பே, 2014-ல், டெல்லியில் கிரண் நாடார் மியூசியம் அவருக்குப் பெரிய கண்காட்சி வைத்துவிட்டது. கோவையிலிருந்து டெல்லி ஒன்றும் வெளிநாடு இல்லை.

கடைசியாகப் பத்துக் கோடி யென். 77 வயதில் வந்தது. முதல் படத்திலிருந்து 54 வருஷத்துக்கு வகுத்தால் வருஷத்துக்குச் சுமார் பதினெட்டரை லட்சம் யென், நம் பணத்தில் அன்றைய மதிப்புக்குப் பத்து லட்சத்தை ஒட்டி வரும். உங்கள் ஊர் ஐ.டி. பார்க்கில் விசாரித்துப் பாருங்கள், நாலைந்து வருஷ அனுபவத்துக்கே அதை வருஷச் சம்பளமாகக் கொடுப்பார்கள்.