எல்லா வேலையையும் செயற்கை நுண்ணறிவு செய்துவிடும் என்கிறார்கள். இனிமேல் வங்கித் தேர்வுக்குப் படிப்பது வீண்தானா?

இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுக் கடந்து போக என்னால் முடியவில்லை. 37 வருடம் ஒரு பொதுத்துறை வங்கியில் குப்பை கொட்டியவன் நான். 1984இல் எழுத்தராகச் சேர்ந்தேன். மாற்றலுக்குப் பயந்து பதவி உயர்வே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, 2021இல் ஸ்பெஷல் அசிஸ்டென்டாக (அதுவும் எழுத்தர் நிலைதான்) வெளியே வந்தேன். பெரும்பகுதி மன்னார்குடிப் பக்கம்தான். வங்கியின் பெயர் வேண்டாம்.

நீங்கள் பி.காம் முடித்துவிட்டு இரண்டு வருடமாகக் கோச்சிங் சென்டருக்குப் போய்க்கொண்டிருக்கிறீர்கள். வீட்டில் "என்னப்பா ஆச்சு" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். நேற்று ராத்திரி யாரோ பேசிய வீடியோவைப் பார்த்துவிட்டுத் தூக்கம் போய்விட்டது. சரியா? தவறாக இருந்தால் மன்னிக்கவும். என் அக்கா மகன் இப்படித்தான் இருக்கிறான், எழுதும்போது அவன் முகம்தான் முன்னால் வருகிறது.

"கிழவனுக்கு ஏஐ பற்றி என்ன தெரியும்" என்று கருத்துப் பெட்டியில் எழுதப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: தெரியாது. ஆனால் ஒரு இயந்திரம் ஆபீசுக்குள் நுழையும்போது உள்ளே இருப்பவர்கள் என்னென்ன செய்வார்கள் என்று தெரியும். நானே செய்திருக்கிறேன்.

நான் சேர்ந்தபோது எங்கள் கிளையில் 38 பேர். காலையில் ஸ்ட்ராங் ரூமைத் திறந்ததும் லெட்ஜர்களை, அதாவது வாடிக்கையாளர் கணக்கு எழுதும் பேரேடுகளைத் தூக்கி வந்து கவுண்டரில் வைப்பதே அரை மணி நேர வேலை. ஒவ்வொன்றும் ஒரு கைக்குழந்தை கனம் இருக்கும். வாடிக்கையாளர் சீட்டை நீட்டினால் பித்தளை டோக்கன் கொடுப்போம். லெட்ஜரில் அவர் பக்கத்தைப் புரட்டி, பற்று எழுதி, மீதி போட்டு, அதிகாரிக்கு நகர்த்தினால் அவர் கையெழுத்தைச் சரிபார்த்துச் சுருக்கொப்பம் போடுவார். அது கேஷியரிடம் போய்ப் பணம் கைக்கு வர முக்கால் மணி நேரம் ஆகும். அதற்குள் அந்த மனிதர் பேப்பரை முழுசாகப் படித்துவிட்டிருப்பார்.

பேலன்சிங் என்று ஒன்று உண்டு. லெட்ஜரில் இருக்கும் எல்லாக் கணக்கின் மீதியையும் பட்டியல் எடுத்துக் கூட்டி, கிளையின் மொத்தக் கணக்கு இருக்கும் ஜெனரல் லெட்ஜர் தொகையோடு பொருத்த வேண்டும். பத்து பைசா இடித்தாலும் விடமாட்டார்கள். இதில் நான் கொஞ்சம் கெட்டிக்காரன், பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன். வித்தியாசம் 9ஆல் வகுபட்டால் எங்கோ இலக்கம் இடம் மாறியிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும், 540ஐ 450 என்று எழுதியிருப்பார்கள். வகுபடாவிட்டால் வித்தியாசத்தைப் பாதியாக்கி அந்தத் தொகையைத் தேட வேண்டும், வரவு பற்றில் விழுந்திருக்கும். மூன்று வாரமாக ஆளாளுக்கு முட்டிக்கொண்ட ஒரு வித்தியாசத்தை ஒருநாள் சாயங்காலம் டீ ஆறுவதற்குள் நான் பிடித்திருக்கிறேன். மேனேஜர் எழுந்து வந்து கை கொடுத்தார். பக்கத்துக் கிளையிலிருந்துகூட ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள்.

ஜூன் 30, டிசம்பர் 31 என்றால் கல்யாண வீடு மாதிரி இருக்கும். அரையாண்டு வட்டி போட வேண்டும். அப்போதெல்லாம் சேமிப்புக் கணக்குக்கு மாதத்தின் 10ஆம் தேதியிலிருந்து கடைசி நாள் வரை இருந்த குறைந்தபட்ச மீதிக்குத்தான் வட்டி. ஒவ்வொரு கணக்குக்கும் ஆறு மாதத்தின் குறைந்தபட்ச மீதியையும் கண்ணால் பார்த்துப் பொறுக்கிக் கூட்ட வேண்டும். (தினசரி மீதிக்கு வட்டி என்று 2010 ஏப்ரலில்தான் மாறியது. கணினி இல்லாமல் அது நடந்திருக்கவே முடியாது, இயந்திரத்துக்கு உரிய நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும் இல்லையா.)

இதற்குள்தான் கணினி வந்தது. திடீரென்று வரவில்லை. கல்கத்தாவில் எல்ஐசி ஊழியர்கள் 1960களிலேயே கட்டடத்துக்குள் கணினியை இறக்க விடாமல் இரவு பகலாகக் காவல் இருந்த கதையை எங்கள் சங்கத்து மூத்தவர்கள் புராணம் மாதிரி சொல்வார்கள். வங்கிகளில் 1983இலேயே இயந்திரமயம் பற்றிச் சங்கங்களோடு ஒப்பந்தம் போட்டார்கள். அடுத்த வருடம் வங்கிகளை இயந்திரமயமாக்குவது பற்றி ரிசர்வ் வங்கி அமைத்த ரங்கராஜன் குழுவின் அறிக்கை, 1989இல் அதே ரங்கராஜன் தலைமையில் இன்னொரு அறிக்கை. எங்கள் கிளைக்கு முதல் இயந்திரம் 1990இல் வந்தது. ஏஎல்பிஎம் என்போம், லெட்ஜரில் பதியும் வேலையைச் செய்வது. கண்ணாடித் தடுப்பு போட்டு ஏசி வைத்து அதைக் குடியமர்த்தினார்கள். மேனேஜருக்கே ஏசி கிடையாது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆயுதபூஜைக்கு அதற்குத்தான் முதல் சந்தனப் பொட்டு.

வாசலில் கேட் மீட்டிங் போட்டோம். நான் அப்போது சங்கத்தின் கிளைச் செயலாளர். தொண்டை கட்டக் கத்தினோம். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், பழைய தோழர்கள் யாராவது படித்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்த இயந்திரத்தில் உட்காருகிறவருக்கு மாதாமாதம் ஸ்பெஷல் அலவன்ஸ் உண்டு என்று சுற்றறிக்கை வந்தது. மறுநாளிலிருந்து கேட் மீட்டிங்குக்குக் கூட்டம் குறைந்தது. யார் சீனியர், யாருக்கு முதல் உரிமை என்று பேச்சு மாறியது. எனக்கும் இன்னொரு நண்பருக்கும் சேர்ந்த தேதியில் நாலே நாள் வித்தியாசம். நாலு நாளை வைத்து நான் அந்த நாற்காலியைப் பிடித்தேன். அவர் ஒன்றரை வருடம் என்னோடு பேசவில்லை.

உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, என் கெட்டிக்காரத்தனத்துக்கு இனி அங்கே வேலை இல்லை என்று. பேரலல் ரன் என்று சில மாதம் கையாலும் இயந்திரத்தாலும் ஒரே கணக்கை எழுதினோம். இரண்டும் இடித்தால் தப்பு எப்போதும் கையில்தான் இருந்தது. 9ஆல் வகுப்பதற்கு வித்தியாசமே வரவில்லை. அந்த ஜூனில் வட்டியை ஒரே ராத்திரியில் அச்சடித்துத் தள்ளியது. எல்லோரும் சீக்கிரம் வீட்டுக்குப் போனோம். பிள்ளைகளோடு சாப்பிட்டேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. ஓவர்டைம் காசு போனது பற்றிய வருத்தம் அடுத்த மாதச் சம்பளத்தில்தான் வந்தது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்த இயந்திரத்தால் எங்கள் கிளையில் எத்தனை பேருக்கு வேலை போனது? பதிவேட்டின்படி ஒருவருக்கும் இல்லை. இதை வைத்துத்தான் "பார்த்தீர்களா, கணினி வந்தபோதும் இப்படித்தான் பயந்தீர்கள், என்ன ஆகிவிட்டது" என்று எல்லா மேடையிலும் பேசுகிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு வயிறு எரியும்.

38 பேர் இருந்த கிளையில் நான் ஓய்வு பெறும்போது 11 பேர். ஒருவரையும் வெளியே தள்ளவில்லை. ஒருவர் ஓய்வு பெறுவார், மாலை மரியாதை, ஸ்வீட் காரம் காபி. அடுத்த வாரம் அந்த நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிடுவார்கள். 2000, 2001இல் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தபோது நாடு முழுக்கப் பொதுத்துறை வங்கிகளிலிருந்து சுமார் 1 லட்சம் பேர் வெளியேறினார்கள். எங்கள் கிளையில் ஐந்து பேர், எல்லோருமே கை நிறையப் பணம் வாங்கிக்கொண்டுதான் போனார்கள். அதே 2001இல் ஆள் எடுத்துக்கொண்டிருந்த வங்கிப் பணியாளர் தேர்வு வாரியங்களையும் மூடிவிட்டார்கள். இப்போது பொதுத்துறை வங்கிகளுக்கு ஆள் எடுக்கும் ஐபிபிஎஸ் பொதுத் தேர்வு வந்தது 2011இல். 90களில் பட்டம் வாங்கிவிட்டு விளம்பரம் வருமா வருமா என்று பேப்பர் பார்த்து வயது தாண்டிப் போனவர்கள் எத்தனை பேர் தெரியுமா? வராத வேலையை யாரும் இழந்ததாகக் கணக்கு எழுத மாட்டார்கள். என் தெருவிலேயே எம்.காம் படித்த ஒரு பெண் இருந்தார், என்னைவிடக் கூர்மையான புத்தி. கடைசியில் மளிகைக் கடையில் கணக்கு எழுதினார்.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே அவருக்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது. தினமும் அந்த லெட்ஜர்களைத் தூக்கி வந்தவர். தினக்கூலி. தண்ணீர் பிடிப்பது, வவுச்சர் தைப்பது, டீ வாங்கி வருவது எல்லாம் அவர்தான். "அண்ணே" என்றுதான் கூப்பிடுவோம். அவரோ என்னை "சார்" என்பார், நான் பத்து வயது சின்னவன். ஏழு வருடமாக, நிரந்தரம் ஆகிவிடும் என்று காத்திருந்தார். லெட்ஜர் நின்றது, வவுச்சரும் குறைந்தது. ஒரு திங்கட்கிழமை மேனேஜர் "நாளைலேருந்து தேவைப்பட்டா சொல்லி அனுப்பறேன்" என்றார். அவ்வளவுதான். எங்கள் ஒப்பந்தத்தில் எங்கள் வேலைக்கும் அலவன்ஸுக்கும் பாதுகாப்பு இருந்தது. அவர் எந்தப் பட்டியலிலும் இல்லை. அதன் பிறகு அரிசி ஆலைக்கு மூட்டை தூக்கப் போனார். ஒவ்வொரு ஜனவரியிலும் காலண்டர் வாங்க வருவார். சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, "சார், ஏதாச்சும் போஸ்ட் போடுறாங்களா?" என்பார்.

இப்போது அந்த வேலைகள் எங்கே போயின என்று பாருங்கள். கிராமத்தில் கையில் ஒரு சின்ன மெஷினோடு உட்கார்ந்து ரேகை வைக்கச் சொல்லிப் பணம் கொடுக்கிறாரே வங்கி மித்ரா, அவர் செய்வது நான் 1984இல் செய்த வேலைதான். எனக்குச் சம்பளம், மருத்துவம், பென்ஷன் எல்லாம் இருந்தன. அவருக்குக் கமிஷன். ஆக, வேலை முழுசாக அழிந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. மலிவாகிவிட்டது.

பென்ஷன் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், பிடிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். 1993 அக்டோபர் 29ஆம் தேதி சங்கங்கள் இரண்டு ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்டன. ஒன்று பென்ஷனுக்கு, இன்னொன்று கணினிமயத்துக்கு. ஒரே நாள்! கணினிக்குச் சம்மதம் கொடுத்து பென்ஷனை வாங்கினோம் என்றுதான் எங்கள் கிளையில் பேசிக்கொண்டோம். கொடுத்தது கொடுத்ததுதான். வாங்கியது என்ன ஆயிற்று? வேலையில் இருப்பவர்களுக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஊதியம் திருத்துகிறார்கள். ஓய்வு பெற்றவர்களின் அடிப்படை பென்ஷன் ஓய்வு பெற்ற நாளில் நின்ற இடத்திலேயே நிற்கிறது. எனக்கு முன் 1990களில் போன மேனேஜருக்குச் சமீபத்தில் போன எழுத்தரைவிட பென்ஷன் குறைவு. கேட்டால் பணம் இல்லை என்கிறார்கள். 38 பேர் வேலையை 11 பேர் செய்து மிச்சம் பிடித்த பணம் எங்கே போனது? இதைக் கேட்டால் "அங்கிள், வங்கிக்காரர்கள் மதிய சாப்பாட்டுக்குக் கவுண்டரை மூடுவீர்களே" என்று யாராவது வருவார்கள். மூடினோம், ஐயா. பசிக்கும்.

சரி, நீங்கள் படிக்கலாமா என்றால், படியுங்கள். எழுத்தர் தேர்வுக்கு 28 வயது வரை எழுதலாம், இடஒதுக்கீடு இருந்தால் இன்னும் கூடும். ஆனால் அதுவரை இருக்கும் வருடங்களையெல்லாம் அதிலேயே கரைக்காதீர்கள், கையில் வேறொரு வேலையை வைத்துக்கொண்டு எழுதுங்கள். எழுத்தர் என்ற பெயரே இப்போது போய்விட்டது, வாடிக்கையாளர் சேவை உதவியாளர் என்கிறார்கள். பெயருக்கேற்றபடி கணக்கு எழுதுவது குறைவு, காப்பீடு விற்பதும் செயலி தெரியாத பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும்தான் அதிகம். உள்ளே நுழைந்துவிட்டால் உங்களை யாரும் சட்டென்று வெளியே தள்ள மாட்டார்கள் என்று நினைக்கிறேன். எத்தனை பேரை எடுக்கிறார்கள் என்பதைத்தான் வருடாவருடம் கவனியுங்கள். எத்தனை பேரை நீக்கினார்கள் என்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. 2010 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு எங்கள் பழைய பென்ஷனும் கிடையாது, அதையும் தெரிந்துகொண்டு போங்கள்.

திருத்தம்: கருத்தில் ஒரு தம்பி கேட்டிருக்கிறார், "நீங்கள்தானே சங்கச் செயலாளர், அந்த அண்ணனுக்காக என்ன செய்தீர்கள்?" என்று. மேலிடத்துக்கு இரண்டு மனு எழுதினேன். ஒன்றின் நகல் இன்னும் பீரோவில் இருக்கிறது. பதில் வரவில்லை, நானும் மூன்றாவது எழுதவில்லை. அந்த வருடம்தான் எனக்கு ஸ்பெஷல் அலவன்ஸ் வர ஆரம்பித்தது.