குடும்ப நிறுவனத்தில் சட்ட அலுவலராகச் சேர்ந்தால் வக்கீலுக்கு என்னென்ன சிக்கல் வரும்?

நானும் இதே வேலையில்தான் இருக்கிறேன், இதே செட்டிநாட்டுப் பக்கம்தான். நீங்கள் கேள்வியில் சொன்னது: தேவகோட்டை கோர்ட்டில் சில வருடப் பழக்கம் இருக்கிறது, நூல் மில், பழைய வீட்டில் நடத்தும் ஓட்டல், மரச்சாமான் ஏற்றுமதி என்று மூன்று தொழில் பார்க்கும் காரைக்குடிக் குடும்பம் ஒன்று கூப்பிட்டிருக்கிறது, சம்பளம் திருப்தி, உள்ளே போனால் தலைக்கு ஏதாவது வருமா என்று யோசனை. வரும். ஆனால் எந்தப் பக்கமிருந்து வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால் பெரும்பாலானவற்றில் தப்பித்துக்கொள்ளலாம்.

முதலில் சின்ன விஷயம். இந்திய பார் கவுன்சில் விதி 49-இன்படி முழுநேரச் சம்பளத்தில் இருப்பவர் வக்கீல் தொழில் செய்யக் கூடாது. வேலையில் சேர்ந்ததை மாநில பார் கவுன்சிலுக்குத் தெரிவித்து, வேலையில் இருக்கும் வரை தொழிலை நிறுத்திவைக்க வேண்டும். 'சனிக்கிழமை ஒரு ஜாமீன் மனு மட்டும் பார்த்துக்கொடுங்களேன்' என்று பழைய நண்பர் கேட்பார். முடியாது என்று சொல்லிவிடுங்கள். நம் ஊரில் யார் எந்தக் கோர்ட்டில் நின்றார்கள் என்பது சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

இதிலிருந்து கிளைக்கும் பெரிய விஷயம் ஒன்று உண்டு. வெளியில் இருக்கும் வக்கீலிடம் கட்சிக்காரர் சொன்னதை யாரும் கேட்டு வாங்க முடியாது; பழைய சாட்சியச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு, இப்போது பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 132-ஆம் பிரிவு, அதைக் காக்கிறது. அந்தக் காப்பு நமக்குக் கிடையாது. 2025 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: முழுநேரச் சம்பளத்தில் இருக்கும் நிறுவன வக்கீல், அந்தச் சட்டம் சொல்லும் 'வக்கீல்' ஆக மாட்டார். நிறுவனத்தின் வெளிச் சட்ட ஆலோசகரிடம் நாம் பேசியதற்கு 134-ஆம் பிரிவில் ஓரளவு காப்பு உண்டு. ஆனால் முதலாளிக்கும் நமக்கும் இடையே நடந்த பேச்சுக்கு அதைக் கோர முடியாது. அதாவது நீங்கள் எழுதும் ஒவ்வொரு மின்னஞ்சலும், வாட்ஸாப்பில் போடும் ஒவ்வொரு வரியும் நாளைக்கு விசாரணை அதிகாரி மேஜையில் இருக்கலாம்.

அதனால் நான் செய்வது இதுதான். வழக்கு வரும் என்று தெரிந்த விஷயமானால் தொடக்கத்திலேயே மதுரையில் இருக்கும் வெளி வக்கீலிடம் கொண்டுபோய்விடுவேன். கருத்து அவர் லெட்டர்ஹெட்டில் வரட்டும். நான் எழுதுவதில் கிண்டல், ஊகம், 'இது பிடிபடாது' மாதிரி வார்த்தை எதுவும் இருக்காது. தப்பை மறைக்க இது வழி என்று நினைத்துவிடாதீர்கள். சட்ட விரோதக் காரியத்துக்காகப் பேசியதை 132-உம் காப்பாற்றாது.

அடுத்து, உங்கள் கட்சிக்காரர் யார்? அந்தக் காலத்தில் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போன ஏஜெண்டுகள் சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டு மூன்று வருடக் கணக்குக்குப் போவார்கள். திரும்பி வந்து ஐந்தொகையை, அதாவது வரவுசெலவு இருப்புக் கணக்கை, முதலாளியிடம் ஒப்புவித்தால் கடமை முடிந்தது. நமக்கு அப்படி இல்லை. கம்பெனி வேறு, முதலாளி வேறு. கம்பெனியில் அண்ணன், தம்பி, அண்ணன் வீட்டு ஆச்சி என்று நாலைந்து இயக்குநர்கள் இருப்பார்கள். அண்ணன் சொல்வது தம்பிக்குத் தெரியாது. பாகப்பிரிவினைப் பேச்சு எழும் நாளில் இருவரும் தனித்தனியாக உங்களைக் கூப்பிட்டு, 'தம்பி, நம்ம பக்கம் எப்படி எழுதலாம்?' என்பார்கள். எனக்கு அது நடந்தது. இருவரிடமும் ஒரே பதில்தான் சொன்னேன்: 'ஐயா, குடும்ப விஷயத்துக்கு நீங்க தனி வக்கீல் வச்சுக்கங்க, நான் கம்பெனி ஆள்.' கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் சரியாகிவிட்டது.

இங்கே உத்தரவு எழுத்தில் வராது என்பதையும் மனதில் வையுங்கள். திண்ணையில் உட்கார்ந்து சொல்வார்கள், காரில் போகும்போது போனில் சொல்வார்கள். மேனேஜர் வந்து 'ஐயா சொல்லிட்டாங்க' என்பார், அவ்வளவுதான். அன்று மாலையே ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்: 'இன்று காலை தாங்கள் தொலைபேசியில் சொன்னது இது; அதில் சட்டப்படி உள்ள சிக்கல் இது; நான் பரிந்துரைப்பது இது.' மூன்று வரி போதும்.

ஏற்றுமதித் தொழில் இருப்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வெளியூர் வக்கீல்களுக்கு இது தோன்றவே தோன்றாது. காரைக்குடியில் பழைய வீடுகளைப் பிரித்து வரும் தூண், வாசல் நிலை, கதவு எல்லாம் வாடிக்கையாக விற்கும் சரக்கு. தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டம் 1972, நூறு வருடத்துக்குக் குறையாத சிற்பம், கைவேலைப்பாடு ஆகியவற்றோடு, 'கட்டடத்திலிருந்து பிரித்தெடுத்த எந்தப் பொருளையும்' தொல்பொருள் என்கிறது. அதை உள்நாட்டில் வியாபாரமாக விற்கவே உரிமம் வேண்டும். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. மீறினால் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று வருடம் சிறை.

இதில் ஒரு நுணுக்கம். நூறு வருடக் கோடு ஒவ்வொரு வருடமும் நகர்கிறது. 1928-இல் கட்டிய வீட்டின் கதவு இன்றைக்குத் தொல்பொருள் ஆகாது. கிடங்கிலேயே கிடந்தால் 2028-இல் ஆகிவிடும். வாங்கிய தேதியைப் பார்த்து நிம்மதியாக இருக்க முடியாது.

ஒரு முறை கண்டெய்னர் ஏற்றுவதற்கு முன் பேக்கிங் பட்டியல் கையெழுத்துக்கு வந்தது. 'மரக்கதவு, மறுபயன்பாடு, ஐம்பது வருடம்' என்று போட்டிருந்தார்கள். கிடங்குக்குப் போய்ப் பார்த்தேன். இரண்டாள் சேர்ந்து தூக்க முடியாத தேக்கு நிலை, மேலே கஜலட்சுமி, அதற்குக் கீழே அரை விரல் உயரத்தில் 'விரோதிகிருது வருடம் தை மாதம்' என்று செதுக்கியிருந்தது. மேனேஜர் அசரவில்லை. 'சார், விரோதிகிருது அறுபது வருடத்துக்கு ஒரு தடவை வரும். இது 1972 தை.' கணக்கு சரிதான். 1912 தை மாதமும் விரோதிகிருதுதான். 1972-இல் யார் இந்த அளவு தேக்கில் கஜலட்சுமி இழைத்து வீடு கட்டினார்கள் என்று கேட்டேன், சிரித்துவிட்டார். இந்தியத் தொல்லியல் துறையிடம் படத்தோடு எழுதி, தொல்பொருள் அல்ல என்று சான்றிதழ் வந்தால்தான் ஏற்றலாம் என்று எழுதிக் கொடுத்தேன். அந்த நிலை இல்லாமல்தான் கண்டெய்னர் போனது. வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு தள்ளுபடி கேட்டார், கொடுத்தார்கள்.

அந்தக் கதவை விற்றது யார் என்பதையும் விடாதீர்கள். ஒரு வீட்டுக்கு எத்தனை பங்காளிகள், எத்தனை புள்ளி (கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி) என்பது உங்களுக்கே தெரியும். சென்னையில் இருக்கும் பங்காளிக்குத் தெரியாமல் ஊரில் இருப்பவர் இரண்டாங்கட்டுத் தூணை விற்றுவிடுவார். சென்னைக்காரர் வந்து புகார் கொடுத்தால், களவுச் சொத்து என்று நம்பக் காரணம் இருந்தும் வாங்கியதாக நிறுவனத்தின் மீது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதாவின் 317-ஆம் பிரிவு திரும்பும். எல்லாப் பங்காளிகளின் கையெழுத்தோடு சம்மதக் கடிதம் இல்லாமல் பணம் போகக் கூடாது என்று விதி வையுங்கள். வியாபாரம் குறையும் என்பார்கள். குறையட்டும்.

ஓட்டல் பக்கம் வருகிறேன். பத்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்த்தால், பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-இன்படி உள்ளகக் குழு கட்டாயம். தலைவர் மூத்த பெண் ஊழியர், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். காகிதத்தில் குழு இருக்கும். தலைவர் முதலாளி வீட்டு மருமகளாக இருப்பார், குழுவில் தன் பெயர் இருப்பதே அவருக்குத் தெரியாது. சேர்ந்ததும் இதைத்தான் முதலில் திருத்துங்கள். புகார் கொடுக்க மூன்று மாதம், காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். குழு அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம்.

நம் ஊர்ச் சிக்கல் வேறு மாதிரி. ஹவுஸ்கீப்பிங் பெண் ஒருவர் சமையல்கட்டு மேற்பார்வையாளர் மேல் புகார் சொன்னால், அன்று இரவே இரு வீட்டுப் பெரியவர்களும் பேச உட்கார்ந்துவிடுவார்கள். 'பிள்ளைக்குக் கல்யாணம் ஆகணும், ஒரு தொகை கொடுத்து முடிச்சிருங்க, வக்கீல் சார் எழுதிக் கொடுங்க' என்பார்கள். எழுதிக் கொடுக்காதீர்கள். சமரசம் என்பது புகார் கொடுத்த பெண் தானாகக் கேட்டால் மட்டுமே. பணம் அதற்கு அடிப்படையாக இருக்கவே கூடாது என்று 10-ஆம் பிரிவே சொல்கிறது. குழுவில் உட்கார்ந்துகொண்டே நிறுவனத்துக்கும் யோசனை சொல்லாதீர்கள், இரண்டில் ஒன்று. விசாரணையில் யார் பக்கமும் வக்கீல் வரக் கூடாது என்று விதி இருக்கும்போது, சம்பளம் வாங்கும் வக்கீல் ஓரத்தில் உட்கார்ந்திருப்பதே அந்தப் பெண்ணுக்கு எப்படித் தோன்றும் என்று நினைத்துப் பாருங்கள். பெயரை வெளியே விடாமல் காப்பதும் சட்டக் கடமை. டீக்கடை வரை போன பிறகு யார் சொன்னது என்று தேடிப் பயனில்லை.

மில்லில் உங்களுக்கு வரப்போவது 480 நாள் கணக்கு. தமிழ்நாட்டின் 1981-ஆம் வருடத்து நிரந்தரத் தகுதிச் சட்டம், 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிரந்தரமாக்கச் சொல்கிறது. 460-ஐ நெருங்கும் பதிலி ஆட்களின் (நிரந்தரத் தொழிலாளி வராத நாளில் அவருக்குப் பதிலாக எடுப்பவர்கள்) பட்டியல் கேட்பார்கள். எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். இடையில் நிறுத்தி, வேறு பெயரில் ஒப்பந்ததாரரிடம் ஏற்றி, மறுபடி எடுப்பார்கள். உடம்புக்கு முடியாமல் வராத நாளும், அனுமதி பெற்ற விடுப்பும் தொடர்ச்சியை முறிக்காது. தொழிற்சங்க வக்கீல் வருகைப் பதிவேட்டை ஒரு முறை புரட்டினாலே மாதிரி தெரிந்துவிடும். அந்தப் பட்டியலை நீங்கள் தயாரித்திருந்தால், உங்கள் மின்னஞ்சலே அவருக்கு முதல் சாட்சியம். 29 மத்தியத் தொழிலாளர் சட்டங்களுக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொகுப்புகள் அமலுக்கு வந்தன. மாநிலச் சட்டமான இது அந்த 29-இல் சேராது. தொகுப்புகளில் மில்லை உடனே உறுத்தப்போவது சம்பள வரையறை: படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டியது சம்பளத்தில் சேரும், பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் அதற்கேற்ப ஏறும். அடிப்படைச் சம்பளத்தைச் சின்னதாக வைத்துப் பழகியவர்களுக்கு இது கசக்கும். கணக்குப்பிள்ளையோடு உட்கார்ந்து எண்ணைப் போட்டுக் காட்டிவிடுங்கள், வாதம் பண்ண வேண்டாம்.

இப்போது கையெழுத்து. 'படிச்சவர் நீங்கதானே, நீங்களே போட்டுடுங்க' என்று எல்லாப் படிவமும் உங்களிடம் வரும். ஓட்டலுக்கு உணவுப் பாதுகாப்பு உரிமத்தில் படிவம் 9 என்று ஒன்று உண்டு. அதில் யார் பெயர் போகிறதோ, சமையல்கட்டில் நடக்கும் தப்புக்கு அவர்தான் பொறுப்பாளி. சமையல்கட்டை நிறுத்தவோ ஆளை மாற்றவோ உங்களுக்கு அதிகாரம் இல்லையென்றால் அங்கே உங்கள் பெயர் வேண்டாம். செக்கில் கையெழுத்துப் போடும் அதிகாரமும் வேண்டாம். செக் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவும் 141-ஆம் பிரிவும் கையெழுத்துப் போட்டவரைத் தேடித்தான் வரும். கோர்ட்டில் தாக்கல் செய்யும் பிரமாணப் பத்திரம் நம் வேலைதான், தவிர்க்க முடியாது. ஆனால் 'என் சொந்த அறிவுக்கு எட்டியவரை உண்மை' என்று எழுதும் முன் மூலப் பதிவேட்டைக் கண்ணால் பாருங்கள். ஜெராக்ஸ் போதாது. நீதிமன்றத்தில் பொய்ச் சாட்சியத்துக்கு ஏழு வருடம் வரை தண்டனை உண்டு, அது கம்பெனிக்கு இல்லை, உங்களுக்கு.

உங்களைக் காப்பாற்ற என்ன இருக்கிறது என்றால், அதிகம் இல்லை. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர் தொழிலாளி என்ற வரையறைக்குள் வரமாட்டார், ஆகவே வேலையை விட்டு அனுப்பினால் தொழிலாளர் நீதிமன்றம் போக முடியாது. தனியார் நிறுவனத்தில் தப்பை வெளியே சொல்பவருக்கு என்று முழுமையான பாதுகாப்புச் சட்டமும் இல்லை. அதனால் எல்லாம் நியமனக் கடிதத்திலேயே இருக்கிறது. அதில் மூன்று வரி கேட்டு வாங்குங்கள்: தேவைப்பட்டால் நேரடியாக இயக்குநர் குழுவுக்கு எழுதலாம் என்று ஒன்று, வேலை நிமித்தமாக உங்கள் மேல் வழக்கு வந்தால் செலவு நிறுவனத்துடையது என்று ஒன்று, இயக்குநர், அலுவலர் பொறுப்புக் காப்பீடு இருந்தால் அதில் உங்கள் பதவியும் சேரும் என்று ஒன்று. 'வேலையை விட்டபின் மூன்று வருடம் வேறு நிறுவனத்தில் சேரக் கூடாது' என்று போட்டிருந்தால் அதற்காகச் சண்டை போடாதீர்கள். ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவின்படி அது செல்லாது. இந்த மூன்று வரியையும் சேருவதற்கு முன் கேட்டால் சிரித்துக்கொண்டே கொடுப்பார்கள். சேர்ந்து ஆறு மாதம் கழித்துக் கேட்டால், 'எதுக்கு இப்ப?' என்று சந்தேகமாகப் பார்ப்பார்கள்.