குரோமோசோமைக் கெடுக்கும் ரசாயனங்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் அண்ணன் ஓசூரில் லாரிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். அவருக்கு இரத்தப் புற்றுநோய் என்றும், எலும்பு மஜ்ஜைச் செல்களில் 7ஆம் குரோமோசோம் ஒன்று குறைகிறது என்றும் மருத்துவர்கள் கூறுகிறார்கள். தின்னர், பெட்ரோல் இவற்றால் குரோமோசோம் கெடுமா? அவருடைய பிள்ளைகளுக்கும் வருமா? எங்கள் ஊர் போர் தண்ணீரில் புளோரைடு அதிகம், அதுதான் காரணமோ?
– வாசகி, பாலக்கோடு

பதில்: பிள்ளைகளைப் பற்றிய உங்கள் அச்சத்துக்கு முதலில் பதில் சொல்கிறேன். உங்கள் அண்ணனுக்கு நேர்ந்திருக்கும் மாற்றம், அவர் பிறந்த பிறகு எலும்பு மஜ்ஜைச் செல்களில் உண்டானது. அத்தகைய மாற்றம் விந்தணு வழியாகப் பிள்ளைகளுக்குப் போவதில்லை.

பெட்ரோலில் பென்சீன் என்னும் ரசாயனம் உண்டு. இன்றைய இந்தியத் தரவிதி அதை 1 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்துகிறது. தரம் குறைந்த தின்னரிலும் அது கலந்திருக்கக்கூடும். பென்சீன் தானாகக் குரோமோசோமைத் தாக்குவதில்லை. மூச்சு வழியாக உள்ளே போகும் அதை வெளியேற்றுவதற்காகக் கல்லீரல் பீனால், ஹைட்ரோகுயினோன் போன்றவையாக மாற்றுகிறது. அவை எலும்பு மஜ்ஜையை அடைந்ததும், அங்குள்ள நொதி ஒன்று அவற்றை மிகுந்த வினைத்திறன் கொண்ட குயினோன்களாக்கிவிடுகிறது. செல் பிரியும் முன் குரோமோசோமில் உள்ள டிஎன்ஏ இழையின் முறுக்கை அவிழ்ப்பதற்காக அதை வெட்டி மறுபடி ஒட்டும் டோபோஐசோமரேஸ் என்னும் நொதியைக் குயினோன்கள் தடுப்பதால், வெட்டிய இடம் ஒட்டாமல் நின்றுவிடுகிறது, அல்லது வேறொரு குரோமோசோமின் துண்டோடு தவறாக ஒட்டிக்கொள்கிறது. குரோமோசோம்களை இருபுறமும் இழுத்துப் பிரிக்கும் நுண்குழாய்களும் பாதிக்கப்படுவதால், 46 குரோமோசோம்கள் இருக்க வேண்டிய செல்லில் 45 அல்லது 47 அமைந்துவிடுவதும் உண்டு. இப்படிக் கெட்ட செல்களில் பெரும்பாலானவை பழுது நீக்கப்படுகின்றன, அல்லது அழிந்துபோகின்றன. தப்பிப் பிழைக்கும் ஒரு செல் கட்டுப்பாடின்றிப் பெருகும்போதுதான் நோய் தொடங்குகிறது. ஆகவே எத்தனை காலம், எவ்வளவு அளவு சுவாசித்தார் என்பதே முக்கியம்.

பென்சீனுக்கு ஆளானவர்களிடம் 5, 7ஆம் குரோமோசோம்களின் இழப்பு காணப்பட்டிருக்கிறது. ஆனால் ரசாயனத் தொடர்பே இல்லாத நோயாளிகளிடமும் அது உண்டு என்பதால், பரிசோதனைத் தாளை மட்டும் வைத்துப் பட்டறையைக் காரணம் காட்ட முடியாது. அதற்காக வேலை விவரத்தைச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். எந்தெந்தப் பொருளை எத்தனை ஆண்டுகள் கையாண்டார் என்பதை எழுதி மருத்துவரிடம் கொடுங்கள். பென்சீன் நச்சுப்பாதிப்பு, சட்டப்படி அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்று, அவருக்கு இ.எஸ்.ஐ. பதிவு இருந்தால் அந்த அலுவலகத்திலும் விசாரியுங்கள்.

புளோரைடு பற்களையும் எலும்புகளையும் கெடுக்கும் என்பது தருமபுரி மாவட்டம் நன்கறிந்த துயரம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஆனால் புளோரைடு புற்றுநோய் உண்டாக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை.

அதே பட்டறையில் இன்னும் வேலை செய்பவர்கள்தாம் என்னைக் கவலைகொள்ளச் செய்கிறார்கள். பெட்ரோலிலோ தின்னரிலோ கை கழுவுவதை அவர்கள் உடனே நிறுத்த வேண்டும். மூக்கில் கட்டும் துணி ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிகளை உறிஞ்சும் கரி வடிகட்டி உள்ள முகக்கவசமும், காற்று தாராளமாக வெளியேறும் இடமும் தேவை.

கேள்வி: பூஞ்சணம் பிடித்த நிலக்கடலையை நன்றாக வறுத்துவிட்டால் சாப்பிடலாமா?
– வாசகர், பென்னாகரம்

பதில்: கூடாது. பூஞ்சணம் உண்டாக்கும் அஃப்ளடாக்சின் என்னும் நச்சு வறுப்பதால் முழுமையாக அழியாது. அதையும் கல்லீரல்தான் தீவிரமான பொருளாக மாற்றுகிறது. அது டிஎன்ஏவில் உள்ள குவானின் என்னும் மூலக்கூறோடு ஒட்டிக்கொண்டு, 17ஆம் குரோமோசோமில் இருக்கும் பி53 என்னும் காவல் மரபணுவைப் பழுதாக்கிக் கல்லீரல் புற்றுநோய்க்கு வழிவகுக்கிறது. ஹெபடைடிஸ் பி தொற்று உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து பல மடங்கு அதிகம். அந்தக் கடலையை மாட்டுக்கும் வைக்காதீர்கள். நச்சு பாலில் வந்து சேரும். காய்களை ஈரம் போக உலர்த்திய பிறகே மூட்டை கட்டுங்கள்.