மாத்திரை ஒழுங்காகப் போடுகிறான், ஆனால் கிண்டல் புரியவில்லையே?

கேள்வி: என் தம்பிக்கு 28 வயது. ஆறு வருடமாக மனச்சிதைவு நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறான். காதில் குரல் கேட்பது நின்றுவிட்டது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் வேலையில் சேர்த்துவிட்டோம். கூட இருப்பவர்கள் சிரித்தால் தன்னைத்தான் என்று சண்டைக்குப் போகிறான். பெரியம்மா இறந்த வீட்டில் எல்லோரும் அழும்போது ‘சாப்பாடு எப்போ?’ என்று கேட்டுவிட்டான். இது நோயா, திமிரா? (ஒரு அக்கா, தண்டையார்பேட்டை)

பதில்: திமிர் இல்லை. அந்த வார்த்தையை வீட்டில் யாரும் இனி சொல்ல வேண்டாம்.

குரலை மாத்திரை அடக்கிவிடும். எதிரில் இருப்பவரின் முகத்தைப் படிப்பது, அவர் மனசில் ஓடுவதை ஊகிப்பது வேறு திறமை. ‘சமூக அறிதல்’ என்போம். மாத்திரையால் அது பெரிதாக மேம்படுவதில்லை. சந்தோஷ முகத்தை ஓரளவு கண்டுபிடித்துவிடுவார்கள். பயம், சோகம், கோபம்தான் குழப்பும்.

நம்ம பக்கத்துப் பேச்சு இதற்குப் பெரிய சோதனை. பாசத்தையே திட்டித்தான் சொல்வோம். ‘இன்னா நைனா, இப்பதான் விடிஞ்சிச்சா?’ என்பதில் வார்த்தை குத்தும், குரல் கொஞ்சும். இரண்டும் சேர்ந்து காதில் விழுந்தால்தான் அது கிண்டல். உங்கள் தம்பிக்கு வார்த்தை மட்டும்தான் போய்ச் சேருகிறது.

அவன் வேலை முடிந்து வந்து ஓய்ந்ததும் ஒரே ஒரு சம்பவத்தை எடுங்கள். கண்ணால் பார்த்தது என்ன, நீயாக நினைத்தது என்ன? ‘இரண்டு பேர் சிரித்தார்கள்’ என்பது பார்த்தது. ‘என்னைப் பார்த்துத்தான்’ என்பது நினைத்தது. சிரிப்புக்கு வேறு என்ன காரணம் இருந்திருக்கும் என்று அவனையே இரண்டு சொல்லச் சொல்லுங்கள். வாதாடி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். டிவி சீரியலைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, ‘இவளுக்கு இப்ப என்ன மனநிலை?’ என்று கேட்பதும் நல்ல பயிற்சி. சீரியலில் ஒரே முகத்தை மூன்று தடவை காட்டுவார்கள். நமக்கு எரிச்சல், அவனுக்கு வசதி.

ஜாடை பேசாதீர்கள். ‘எனக்கு வருத்தமா இருக்கு’ என்று வாயால் சொல்லுங்கள். துக்க வீட்டுக்குப் போகும் முன்பே, ‘அண்ணன் அழுவார், பக்கத்தில் போய்க் கையைப் பிடிச்சுக்கோ, சாப்பாட்டை நான் பாத்துக்கறேன்’ என்று சொல்லிவிடுங்கள். அவன் அழாததால் துக்கமே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். இந்த நோயில் உள்ளே இருப்பது முகத்துக்கு வராமல் போவது சகஜம்.

மேஸ்திரியிடம் நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. ‘எதுவானாலும் நேரடியா சொல்லுங்க’ என்றால் போதும், அதுவும் தம்பியிடம் கேட்டுவிட்டு.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். துறைமுகத்தில் வேலை விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். இரவுத் தூக்கமும் மாத்திரை நேரமும் தள்ளிப்போகின்றனவா? வீட்டு ஆட்கள் மீதே சந்தேகம் புதிதாக வந்திருக்கிறதா? அப்படியானால் நோய் திரும்புகிறதோ என்று பார்க்க வேண்டும். அடுத்த தேதிவரை காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள். சென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலும் சிகிச்சை உண்டு. அவசரத்துக்கு 14416 என்ற இலவச மனநல உதவி எண், எந்த நேரமும் பேசலாம். போகும்போது ‘சண்டை போடுறான்’ என்று பொதுவாகச் சொல்லாமல், யார் என்ன சொன்னார், இவன் என்ன புரிந்துகொண்டான் என்று இரண்டு சம்பவங்களை எழுதி எடுத்துப் போங்கள்.