கப்பல் பஃபேயில் அம்மாவுக்குச் சைவச் சாப்பாடு

உல்லாசக் கப்பல் பயணத்தில் சைவம் சாப்பிடும் அம்மாவுக்கு என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். பஃபேயை மட்டும் நம்ப வேண்டாம். கப்பலில் ஏறிய அன்றே பெரிய சாப்பாட்டு மண்டபத்துக்குப் போய், அங்குள்ள மேற்பார்வையாளரிடம் "இந்தியச் சைவம், முட்டையும் வேண்டாம்" என்று சொல்லி வையுங்கள். பல பெரிய கப்பல்களில் முதல் நாள் சொன்னால் அடுத்த இரவுக்குத் தனியாகச் சமைத்துத் தருவார்கள். சிங்கப்பூரில் ஏறுகிறீர்கள் என்றால் இந்தியப் பயணிகளும் நிறைய இருப்பார்கள், கேட்கக் கூச்சப்படத் தேவையில்லை.

சைவம் என்று இலைக்குறி போட்ட பஃபே நூடில்ஸில் போன தடவை அம்மாவுக்கு மச்ச வாடை அடித்தது என்றீர்களே, அது பெரும்பாலும் கரண்டி வேலை. பக்கத்துத் தட்டில் இறால் அள்ளிய கரண்டியையே யாராவது இதிலும் போட்டிருப்பார்கள். நம்ம திருகோணமலைச் சைவக்கடையில் இந்தப் பிரச்சினையே வராது, மச்சம் உள்ளேயே வராதே! ஆகவே பஃபே திறந்த கையோடு, கூட்டம் வருமுன் போய் எடுங்கள்.

அப்படிப் போயும் வாடை அடித்தால் மீன் சோஸோ சிப்பி சோஸோ சேர்த்திருக்கலாம். பரிமாறுபவரிடம் அந்த உணவின் ஒவ்வாமைப் பட்டியலை, அதாவது ஒவ்வாமை தரக்கூடிய பொருட்கள் எவை அதில் இருக்கின்றன என்ற விவரத்தை, கேளுங்கள். மீன், இறால், முட்டை எல்லாம் பொதுவாக அதில் தெரிந்துவிடும். சிப்பி சில பட்டியல்களில் வராது, அதைத் தனியாகக் கேளுங்கள்.

ஆனால் ஒன்று: கோழியும் மாடும் அந்தப் பட்டியலில் வராது. சூப் கோழி எலும்பு அவித்த தண்ணீரிலா, புடிங்கில் ஜெலட்டின் இருக்கிறதா என்பதை வாய்விட்டே கேட்க வேண்டும்.

புளிச்சோறு கட்டிக்கொண்டு போகும் யோசனை சரிவராது. வீட்டில் சமைத்ததை ஏறும்போதே வாங்கி வைத்துவிடுவார்கள். கடையில் வாங்கிய, உடைக்காத பாக்கெட் உணவு என்றால் பொதுவாக விடுவார்கள்.