‘ஃபாதரே ரேடியோவில் சொன்னார்’

அன்புள்ள ஐயா,

நாங்கள் டெக்சாஸில் இருக்கிறோம். ஓய்வுபெற்ற ஆசிரியையான அம்மா இப்போது எங்களோடு இருக்கிறார். பகல் முழுக்க இங்குள்ள கத்தோலிக்கப் பேச்சு வானொலிதான் கேட்கிறார். ஓரினத் தம்பதியருக்கும் குருக்கள் ஆசீர் வழங்கலாம் என்று 2023இல் வத்திக்கான் வெளியிட்ட ஆவணத்தைப் பற்றி ஒரு குரு பேசியதைக் கேட்டுவிட்டு, “ஓரினத் திருமணத்தைத் திருச்சபை ஏத்துக்கிச்சாமே” என்று அழுதார். நான் மறுத்தால் “ஃபாதரே சொன்னார்” என்கிறார். வானொலியை நிறுத்தச் சொல்லவா?

ஜெ.

அன்புள்ள ஜெ.,

நிறுத்தச் சொல்லாதீர்கள். நீங்கள் வேலைக்குப் போனபின் அவருக்கு அதுதான் துணை.

அம்மாவின் நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. வத்திக்கான் வானொலியையும் மணிலா வேரித்தாஸ் வானொலியின் தமிழ்ப்பணியையும் கேட்டு வளர்ந்த தலைமுறை அது. முதலாவது போப்பின் திருப்பீடத்துடையது, மற்றது ஆசிய ஆயர்களுடையது. அமெரிக்க நிலையங்களில் பலவற்றை நடத்துவது குருக்களல்லாத பொதுநிலையினர். நேயர்களின் நன்கொடையில் ஓடுகின்றன. அங்கே பேசுபவர் குருவாகவே இருந்தாலும், பேச்சு அவருடையது.

இதற்கு அமெரிக்காவிலேயே ஒரு பழைய கதை உண்டு. டெட்ராய்ட் அருகே ராயல் ஓக் பங்குத்தந்தை சார்லஸ் காக்லின் 1926இல் வானொலியில் பேசத் தொடங்கினார். முதலில் சிறுவர்களுக்கான மறைக்கல்வி. பொருளாதாரப் பெருமந்தம் வந்ததும் வங்கிக்காரர்களைச் சாடினார். வேலையிழந்தவர்களுக்கு அந்தக் குரல் ஆறுதலாக இருந்தது. கேட்டவர்கள் 3 கோடிப் பேர் வரை என்பார்கள். பிறகு அந்தக் கோபம் யூதர்கள் மேல் திரும்பியது. 1938 நவம்பரில் ஜெர்மனியில் யூதர்களின் ஜெபக்கூடங்கள் எரிக்கப்பட்ட சில நாட்களில், அதற்கு நியாயம் கற்பிப்பதுபோலப் பேசினார். அடுத்த மாதமே சிகாகோ கர்தினால் மன்டலைன், காக்லின் சொந்தக் கருத்தைச் சொல்லலாம், திருச்சபையின் பெயரால் பேச அவருக்கு அதிகாரமில்லை என்று வானொலியிலேயே அறிவிக்கச் செய்தார். ஆனாலும் அவர் வாயை முழுதாக அடைக்க 1942 ஆயிற்று. அத்தனை ஆண்டுகளும் எத்தனை வீடுகளில் “ஃபாதரே சொன்னார்” என்றிருப்பார்கள்! நினைத்தால் இன்றும் மனசு பதறுகிறது.

உங்கள் அம்மா கேட்ட குருவைக் காக்லினோடு சேர்க்கவில்லை. அந்த ஆவணத்தின் மேல் உண்மையான கருத்து வேறுபாடு இருந்தது; 2024 ஜனவரியில் ஆப்பிரிக்க ஆயர்கள், இத்தகைய ஆசீர் எங்களிடம் பொருந்தாது என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். அது வேறு. திருமணத்தை ஏற்றுக்கொண்டார்கள் என்பது தவறான செய்தி.

‘ஃபிதூச்சியா சுப்ளிகான்ஸ்’ என்ற அந்த ஆவணம் வத்திக்கான் இணையதளத்தில் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. மொத்தம் 45 பத்திகள்தான். திருமணம் ஓர் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே மட்டும் என்பது 4ஆம் பத்தியிலேயே வந்துவிடுகிறது. இந்த ஆசீரைத் திருமணச் சடங்குபோலச் செய்யக்கூடாது என்பது 39இல். அச்செடுத்து அம்மா கையில் கொடுங்கள். நீங்கள் விளக்க வேண்டாம். ஆசிரியையாக இருந்தவர், அவரே வாசித்து உங்களுக்குச் சொல்லட்டும்.