பழைய ஏற்பாட்டுல தைரியமான பெண்கள்னா எஸ்தர், தெபொராள் தவிர வேற யார் இருக்காங்க?

சபைல பொம்பளைங்க பேசுற பெண்கள் ஞாயிறுக்குப் பேசத்தான் கேக்கிறீங்கன்னு நெனைக்கிறேன். எஸ்தர விட்டுட்டு வேற ஆள் தேடுறீங்க பாருங்க, அதுக்கே உங்களுக்கு ஒரு சபாஷ்.

என் ஓட்டு மோசே காலத்து இஸ்ரவேலர் செலொப்பியாத்தோட அஞ்சு பொண்ணுங்களுக்கு. மக்லாள், நோவாள், ஓக்லாள், மில்காள், திர்சாள். எண்ணாகமம் 27. அப்பா வனாந்தரத்துல செத்துட்டார், ஆம்பளப் பிள்ள கிடையாது, கானான்ல நிலம் பிரிக்கிற கணக்கே ஆம்பளைங்கள எண்ணி எடுத்ததுதான், அப்ப இவங்க வீட்டுக்கு ஒண்ணும் வராது. அஞ்சு பேரும் ஆராதனை நடக்கிற ஆசரிப்புக் கூடார வாசல்ல மோசே, ஆசாரியன் எலெயாசார், பிரபுக்கள், மொத்த சபைன்னு எல்லார் முன்னாடியும் போய் நிக்கிறாங்க. அழுது புலம்பல. எங்கப்பா மோசேக்கு எதிரா எழும்பின கோராகு கூட்டத்தோட சேர்ந்து கலகம் பண்ணினவர் இல்லன்னு முதல்லயே சொல்லிடுறாங்க, அத வச்சு யாரும் பங்க மறுத்துடக் கூடாதுல்ல. எந்த வக்கீல் சொல்லிக் கொடுத்தான் இவங்களுக்கு! மோசே தானா முடிவு சொல்லாம கர்த்தர்கிட்ட கொண்டு போறார், பொண்ணுங்க கேக்கறது சரின்னு பதில் வருது.

நான் இதத்தான் எங்க சபைல பேசினேன். முடிஞ்சதும் கமிட்டில இருக்கிற அண்ணாச்சி ஒருத்தர் வந்து, "ஜெபம், பொறுமைன்னு பேசலாம்லம்மா, சொத்து விஷயம் இங்க எதுக்கு"ன்னார். அவர் தங்கச்சிகிட்ட சொத்துல பங்கு வேண்டாம்னு விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து வாங்கின கதை ஊருக்கே தெரியும். "36ஆம் அதிகாரமும் வாசிங்க அண்ணாச்சி, உங்கள மாதிரியே அந்தக் கோத்திரத்துப் பெரியவங்களும் மோசேகிட்ட போய் நின்னாங்க"ன்னேன். அங்க அவங்க கவலை, இந்தப் பொண்ணுங்க வெளியில கட்டிக்கிட்டா நிலம் வேற கோத்திரத்துக்குப் போயிடுமேன்னு. அதனால சொந்தக் கோத்திரத்துலதான் கட்டணும்னு கண்டிஷன் வந்துச்சு, சித்தப்பா பெரியப்பா மகன்களையே கட்டிக்கிட்டாங்க. அப்புறமும் நிலம் தானா கைக்கு வரல, யோசுவா 17ல திரும்பவும் போய்க் கேட்டுத்தான் வாங்கினாங்க.

அப்பா பேர் அழியக் கூடாதுன்னு கேட்டவங்க, கடைசில இவங்க பேரே மண்ணுல நின்னுடுச்சு. சமாரியால 1910ல தோண்டி எடுத்த எழுத்துள்ள பானை ஓடுகள்ல நோவாள், ஓக்லாள் ரெண்டு பேரும் இடப்பேரா வருது. திர்சா இஸ்ரவேலோட வடக்கு ராஜ்யத்துக்குக் கொஞ்ச காலம் தலைநகரமாவே இருந்த ஊரு.

ஆம்பளப் பிள்ள இருந்தா அந்தச் சட்டத்துல பொண்ணுக்குப் பங்கு இல்லயேன்னு கீழ வந்து கமெண்ட் போடுவீங்க, தெரியும். நான் அவங்கள பெண்ணியவாதின்னு சொல்லல. கேட்டாங்கன்னு மட்டும்தான் சொல்றேன். திருவிதாங்கூர் கிறிஸ்தவங்களுக்கு 1916ல போட்ட சட்டத்துல, உயில் இல்லன்னா மகன் பங்குல கால்வாசி இல்ல 5000 ரூபா, எது குறைவோ அதுதான் மகளுக்கு. மேரி ராய்ங்கிற கேரளாப் பொம்பள அந்தச் சட்டத்த எதிர்த்து சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 1986லதான் அது மாறுச்சு. வேதத்த வாசிச்ச சபைங்கதானே இதெல்லாம்?

இன்னொண்ணு, எங்க சபைல வருஷத்துக்கு ஒரு நாள்தான் பொம்பளைங்களுக்கு மைக் கிடைக்கும், அன்னிக்கும் பிரியாணி கிண்டுறது நாங்கதான், முதல் பந்தி ஆம்பளைங்களுக்கு.